மாயூரம் முன்சீப்பும் மகாவித்துவானும்

விசுவாசம், நட்பு, கல்வி மூன்றும் கைகோத்து நிற்கும் வேதநாயகம் பிள்ளையின் புத்தகங்கள்

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சட்டென்று சொல்வார்கள்: ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, வெளிவந்த ஆண்டு 1879. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். அதோடு அவரை மூடி வைத்தும் விடுகிறோம். முதல் நாவலாசிரியர் என்ற பட்டமே அவருடைய மற்றப் புத்தகங்களை மறைத்துவிட்டது. மதத்தின் பெயரால் மனிதரைப் பிரித்துப் பார்க்கும் பேச்சு பெருகிவிட்ட இந்த நாளில், அந்தப் புத்தகங்களை மீண்டும் கையில் எடுக்க வேண்டும்.

கோர்ட்டில் பிறந்த நீதிநூல்

1826-இல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்பு முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று காவிரிக் கரையோரத்து ஊர்களில் வழக்குக் கேட்டார். பாகப்பிரிவினைச் சண்டை, பொய்ச் சாட்சி, கைக்கூலி எல்லாவற்றையும் அன்றாடம் கண்ணால் கண்டவர் எழுதிய புத்தகம்தான் 1859-இல் வந்த ‘நீதிநூல்’. கடவுளை வாழ்த்தித் தொடங்கும் அந்த நூலில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. பெண்களைப் படிக்க வைப்பதற்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார்.

உயர்நீதிமன்றத்துக்கு முன்னோடியான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். தன் வழக்கில் என்ன நடக்கிறது என்பது வழக்காடுகிறவனுக்குப் புரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரனை வைத்துக்கொண்டு வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைப் பின்னாளில் நாவலிலும் கண்டித்தார். ஏழைக்குப் புரியாத நீதி நீதியே அல்ல என்று நினைத்த மனம் அது.

சைவப் புலவரின் கோவை

மாயூரத்தில் அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பு. மகாவித்துவான் திருவாவடுதுறை ஆதீனத்தின் புலவர். தலபுராணங்களாகப் பாடிக் குவித்த பழுத்த சைவர். உ.வே.சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்டது பலருக்கும் தெரியும். புதுச்சேரிக் கிறிஸ்தவரான சவராயலு நாயக்கரும், நாகூர் முஸ்லிம் புலவர் குலாம்காதிறு நாவலரும் அதே ஆசிரியரின் மாணவர்கள்தாம்.

அந்தச் சைவப் புலவர் இந்தக் கத்தோலிக்க முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் ‘குளத்துக்கோவை’ பாடினார். கோவை என்பது அகப்பொருள் துறைகளை ஒழுங்காகத் தொடுத்து, தலைவன் ஒருவனின் ஊரையும் பெருமையையும் ஊடே வைத்துப் பாடும் இலக்கியம். அந்த இடத்தில் வேறு சமயத்து நண்பரை உட்கார்த்திவைக்க மகாவித்துவானுக்குத் தயக்கம் வரவில்லை. திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகம் பிள்ளையும் மனமாரப் பாடினார்.

இதனால் அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் தளர்ந்துவிடவில்லை. மரியன்னை மீது ‘தேவமாதா அந்தாதி’ எழுதியவர் அவரே. எந்தத் தெய்வத்தின் பெயரும் சொல்லாமல், எல்லாச் சமயத்தாரும் ஒருசேரப் பாடும்படி 1878-இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ தந்தவரும் அவரே. அந்தக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. தன் வேதத்தில் உறுதியாக நின்றவருக்கு அடுத்தவர் வேதத்தைக் கண்டு பயம் இருக்கவில்லை.

1876-இல் மகாவித்துவான் காலமானார். அதே ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளை வாரி வழங்கினார். பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும்படி சுப்பிரமணிய தேசிகரையும் தூண்டினார். ‘நந்தனார் சரித்திரம்’ தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கொடையைக் கண்டு உருகி, வேதநாயகம் பிள்ளை மேலேயே கீர்த்தனை பாடினார். புலவர்களோடு பழகிய பழக்கம் ஏழையின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அடி வாங்கிய கனகசபை

‘பெண்மதி மாலை’ வெளிவந்தது 1869-இல். உரைநடையில் ‘பெண் கல்வி’, ‘பெண் மானம்’ ஆகியவற்றையும் எழுதினார். பெண் படித்தால் கெட்டுப்போவாள் என்று ஊரே சொன்ன காலம். அதற்கு அவர் கதையாகவே சொன்ன பதில் பிரதாப முதலியார் சரித்திரத்தில் இருக்கிறது.

பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. அவன் பாடத்தில் செய்யும் தப்புக்கு ஆசிரியர் வீட்டுப் பிள்ளை கனகசபை அடி வாங்குகிறான். சிரிக்க வைக்கும் இந்தக் காட்சியைச் சற்று நிதானித்துப் படித்தால் நெஞ்சு சுடும். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளையின் தப்புக்கு இல்லாத வீட்டுப் பிள்ளையின் முதுகு பழுக்கிறது. நம் கல்விமுறையிலிருந்து இது இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

நாயகி ஞானாம்பாளோ கற்றவள், கணவனைவிடக் கூர்மையான புத்தியுள்ளவள். ஆண் வேடத்தில் விக்கிரமபுரிக்குப் போனவளுக்கு யானை மாலையிட, அரியணை ஏறி நாட்டையே ஆள்கிறாள். படித்த பெண் குடும்பம் நடத்துவாளா என்று கேட்டவர்களுக்கு, அவள் ராஜ்ஜியமே நடத்துவாள் என்று நாவல் பதில் சொல்லிவிட்டது.

எங்கிருந்து தொடங்கலாம்?

வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் முதலில் நாவலை வாங்குங்கள். கிளைக்கதைகள் நிறைந்த புத்தகம், ஆளுக்கோர் அத்தியாயம் உரக்கப் படிக்க ஏற்றது. அடுத்து நீதிநூல். அவருடைய நட்பின் ஆழம் தெரிய வேண்டுமானால், உ.வே.சா. எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தைப் படியுங்கள். தேவாலய நூலகங்களும் சைவ மடங்களின் நூலகங்களும் இந்தப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைக்கட்டும். தமிழாசிரியர்கள் ஆண்டையும் பெயரையும் சொல்லித் தருவதோடு நில்லாமல், ஞானாம்பாள் முடிசூடும் அத்தியாயத்தை வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்.