நாய் வளர்ப்பில் எது செலவு, எது சிக்கனம்?

நாய்க்குட்டி வாங்கும்போது அதன் விலையைப் பேரம் பேசுகிறோம். மாதத் தீவனத்துக்கும் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். மருத்துவச் செலவை மட்டும் 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை ஆகிய நான்கும் முன்கூட்டியே தொகை தெரிந்த செலவுகள். இவற்றைத் தவிர்ப்பதால் வரும் செலவுக்குத்தான் உச்சவரம்பு கிடையாது.

## பாதியில் நிறுத்திய ஊசி

1978-ல் உலகின் கவனத்துக்கு வந்த பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் கிடக்கும் குட்டிக்கு நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றவேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தடுப்பூசி ஒரு தவணைக்குச் சில நூறு ரூபாய் என்றால், சிகிச்சை பல ஆயிரங்களில் போய் நிற்கும். அப்படியும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இதில் அதிகம் நடக்கும் தவறு, முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்வது. தாய்ப்பாலில் வந்த நோயெதிர்ப்புப் பொருள், குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இடையில் நிறுத்தினால் போட்ட ஊசிக்கான பணமும் வீணாகிவிடக்கூடும். மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்வதும் இதே வகைதான்: 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து வெயிலில் பையில் வந்தால் அதன் வீரியத்துக்கு யார் பொறுப்பு?

'நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது' என்ற வாதம் இங்கே எழும். தெருவில் நம் கண்ணில் படுபவை பிழைத்த நாய்கள். செத்துப்போன குட்டிகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்க்கு எதற்கு ஊசி என்பதும் அப்படித்தான். பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் மண்ணில் தங்கி, நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

## உண்ணியும் கருப்பையும்

நம் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுதும் பெருகும். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் சுவர் இடுக்கிலும் பாய்க்கு அடியிலும் இருக்கின்றன. எர்லிக்கியா, பெபீசியா கிருமிகள் இந்த உண்ணிகள் வழியாகவே பரவுகின்றன. உண்ணிக் காய்ச்சல் முற்றினால் தட்டணுக்கள் சரியும். இரத்தம் ஏற்றவேண்டிய நிலைகூட வரும். மாதாந்திர உண்ணி மருந்து அதற்கு எவ்வளவோ மலிவு. ஆனால் மிச்சம் பிடிக்கிறோம் என்று நாயின் மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுகிறது. ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது. அப்போதும் கருப்பையை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இளமையில் ஆரோக்கியமான உடலில் செய்திருக்கவேண்டியதை, காய்ச்சலில் துவண்ட முதிய உடலில் செய்யவேண்டியிருக்கும். ஒருமுறை குட்டி போட்டால்தான் நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கு மிக இளவயதில் செய்தால் மூட்டுக்கோளாறு வரலாம் என்ற எச்சரிக்கை மட்டும் நியாயமானது. எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

## மருத்துவர்கள் பணம் பிடுங்குகிறார்களா?

இந்தச் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, குட்டிப் பருவ ஊசிகளை முறையாக முடித்த நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளை ஆண்டுதோறும் போடவேண்டியதில்லை. மூன்றாண்டு இடைவெளி போதும். எலிக்காய்ச்சலுக்கான ஊசி மட்டும் ஆண்டுதோறும் தேவை. 'இந்த ஆண்டு எது கட்டாயம்?' என்று மருத்துவரிடம் கேட்பது வளர்ப்பவரின் உரிமை. கேட்டுக் குறைப்பது சிக்கனம். பயந்து போகாமலே இருப்பது சிக்கனம் அல்ல.

ரேபிஸில் மட்டும் இந்தப் பேரத்துக்கு இடமில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் போடுவதே நடைமுறை. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் ஏறக்குறைய மரணம் உறுதி. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது நாயின் உடல்நலத்தோடு நிற்கும் செலவு அல்ல, தெருவில் விளையாடும் குழந்தைக்கும் சேர்த்துச் செய்வது.

## கையில் காசில்லை என்றால்

அரசு கால்நடை மருத்துவமனைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 1903-ல் தொடங்கிய, இப்போது சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியார் கட்டணம் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டிப் பல ஊர்களில் ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். இவ்வளவு வசதிக்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். அட்டையே இல்லையென்றால், இந்த வாரமே ரேபிஸ் ஊசியிலிருந்து தொடங்குங்கள்.