உங்களுக்குத் தெரியுமா? மேசைமேல் ஓடும் கோச்சி

◆ திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். கல் ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக ஊருக்குள் வந்து முடிகிற பாதை அது. நிஜ எஞ்சின்களைப் போலவே செய்த சிறு ரயில்களை மேசையில் ஓடவிட்டுப் படம்பிடிப்பவர்களுக்கு இதைவிட வசதியான பாதை இலங்கையில் இல்லை என்பேன். ஒற்றைத் தண்டவாளம், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத தரை, வயல், குடா, பனை. சுரங்கம் குடையும் வேலை மிச்சம்.

◆ 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நமக்குத் தந்த எம்2 வகை டீசல் எஞ்சின்களில் 569ஆம் இலக்கத்தின் பெயர் ‘ஒன்ராறியோ’. அது செய்யப்பட்டதும் அந்த மாகாணத்து லண்டன் நகரில்தான். கூடவந்தவற்றுக்கும் கனேடிய மாகாணங்களின் பெயர்களே. இன்று நம்மூரில் ஒன்ராறியோ என்றால் அண்ணன் குடும்பம் இருக்கிற இடம். அந்தக் காலத்தில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் போய் நின்றால் ஒன்ராறியோவே உறுமிக்கொண்டு வந்து நிற்கும்.

இதை மொடலாக வாங்க எங்கே போவது? பிரேசிலுக்கு! எம்2 உண்மையில் ஜெனரல் மோட்டர்ஸின் ஜி12 என்ற ஏற்றுமதி வகை. பிரேசில், நியூசிலாந்து என்று பல நாடுகளுக்கும் அது போயிருக்கிறது. பிரேசிலின் ஃபிராட்டெஸ்கி கம்பனி தன் நாட்டு ஜி12ஐ 1:87 அளவில் விற்கிறது. வாங்கி, வண்ணத்தைச் சுரண்டி, நம் நிறம் பூசி, இலக்கம் எழுத வேண்டியதுதான். பூசுமுன் சக்கரங்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஜி12களில் பலவற்றுக்கு நான்கு அச்சு. நம் ஒன்ராறியோவுக்கு ஆறு. மூன்று மூன்றாக இருக்கும் அவற்றில் நடு அச்சுக்கு மோட்டர் கிடையாது, பாரம் தாங்க மட்டும்.

◆ 591ஆம் இலக்க ‘மனிற்றோபா’வைச் செய்பவர் முதலில் தேதியை முடிவு செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற ரயிலை இழுத்தது அந்த எஞ்சின்தான். பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டபோது நினைவாக அதன் பக்கங்களில் அலை வரைந்தார்கள். அலை இருந்தால் மொடல் 2004க்குப் பிந்தியது. அலையோடு மனிற்றோபாவை ஓடவிட்டு ‘எண்பதுகளில் ஒரு நாள்’ என்று காணொளிக்குத் தலைப்பு வைத்தால், விஷயம் தெரிந்தவர் முதல் செக்கனிலேயே பிடித்துவிடுவார்.

◆ பொம்மைத் தண்டவாளங்களுக்கு அளவு ஒழுங்கை முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் மார்க்லின், 1891இல். பிரித்தானியாவின் ஹோர்ன்பி ரயில்கள் 1920இல், சாவி கொடுத்து ஓடுபவையாக வந்தன.

◆ 1:87இல் பரவலாக விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் 1,435 மி.மீ., அதாவது ஐரோப்பாவின் அகலம். நம் பாதையோ இந்தியாவைப் போல ஐந்தரை அடி, 1,676 மி.மீ. நேர்மையாகச் சுருக்கினால் மேசையில் 19 மி.மீற்றருக்குக் கொஞ்சம் கூட வரவேண்டும். பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதில்லை. நானும் குறை சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் படம்பிடித்தால் யாருக்கும் தெரியாது. எஞ்சினை நேருக்கு நேர் எடுத்தால்தான் கால்கள் ஒடுங்கிய ஆள்போல நிற்கும்.

வளைவுகள் அப்படி ஒளியாது. நம் மலைநாட்டுப் பாதையின் மிகக் கடுமையான வளைவுக்கே ஆரை ஐந்து சங்கிலி, ஏறத்தாழ 100 மீற்றர். சுருக்கினால் 1.15 மீற்றர், முழு வட்டம் போட இரண்டேகால் மீற்றருக்கு மேல் அகலம் வேண்டும். கடையில் வாங்கும் மொடல் தொகுதியோடு வரும் வளைவின் ஆரை பெரும்பாலும் 36 செ.மீ. அளவுதான். ஆகவே நேர்ப்பாதையைப் படம்பிடியுங்கள், வளைவைத் திரைக்குப் பின்னால் ஒளியுங்கள்.

◆ மணிக்கு 60 கி.மீ. ஓடும் ரயில், 1:87 மேசையில் செக்கனுக்கு 19 செ.மீ. தான் நகர வேண்டும். இரண்டு மீற்றரைக் கடக்கப் பத்துச் செக்கன்! கையில் கட்டுப்பாட்டுக் குமிழ் கிடைத்ததும் எல்லோரும் முறுக்குகிறார்கள். மொடல் காணொளிகள் பொம்மையாய்த் தெரிவதற்கு முதற்காரணம் அந்த வேகம். இரண்டாவது, கமெராவின் உயரம். ஐந்தடிச் சொச்சம் உயரமான மனிதர் 1:87இல் இரண்டு செ.மீ.கூட இல்லை. அவர் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, வில்லை மேசையோடு ஒட்டும்படி வையுங்கள். எஞ்சின் மளமளவென்று பெரிதாகிவிடும்.

◆ ரயில் தடம்புரள்வதையோ, பாலத்திலிருந்து விழுவதையோ எடுக்கும்போது கணக்கு வேறு. விழும் பொருளை மெதுவாக்கக் குமிழ் இல்லை. புவியீர்ப்பு அளவு பார்த்துச் சுருங்காது. விழும் நேரம் அளவின் வர்க்கமூலத்துக்கேற்பவே குறையும். 87இன் வர்க்கமூலம் 9.3. வழமையான 24 சட்டகங்களை அத்தனை மடங்காக்கினால் செக்கனுக்கு 224; அப்படி எடுத்து 24ஆக ஓட்ட வேண்டும். இன்றைய பல கைபேசிகள் 240 எடுக்கும் என்பதால் இது வீட்டிலேயே முடிகிற காரியம். மின்விளக்கில் எடுத்தால் படம் துடிக்கும் (நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்), முற்றத்து வெயிலில் எடுங்கள், மாரி வருமுன்.

◆ மினியேச்சருக்கே பேர்போன காலத்தில், 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்கு டேவிட் லீன் பொம்மை பயன்படுத்தவில்லை. கித்துல்கலவில் களனி கங்கையின்மேல் நிஜப் பாலம் கட்டி, நிஜ ரயிலை விட்டு, வெடிவைத்து விழுத்தினார்.

◆ 2025 பெப்ரவரியில் ஹபரணப் பகுதியில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் மாண்டன. அந்தப் பக்கத்துப் பாதையை மேசையில் அமைப்பவர் காட்டோரத்தில் யானை வைக்காமல் விடமாட்டார். 1:87இல் பெரிய யானைக்கும் உயரம் நான்கு செ.மீ. போதும். தண்டவாளத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

◆ சிலிப்பர் கட்டைகளுக்கிடையே போடும் சல்லி நிஜத்தில் ஐந்து செ.மீ. அளவு. 1:87இல் அது 0.6 மி.மீ., அதாவது பருமணல். கடற்கரை பக்கத்தில் இருக்கிறது என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். உப்பு தண்டவாளத்தை அரிக்கும். அதைவிட முக்கியமானது, நம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரை இல்மனைற்றுக்குப் பேர்போனது; கரை மணலில் காந்தத்துக்கு ஒட்டும் கறுப்புத் துகள் கலந்திருக்கும். மொடல் எஞ்சினின் மோட்டருக்குள் காந்தம் இருக்கிறது. துகள் உள்ளே ஏறினால் எஞ்சின் கரகரத்துப் படுத்துவிடும். மணலை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, வலுவான காந்தமொன்றைக் கடதாசியில் சுற்றி அதன்மேல் தடவுங்கள். கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை.