மாதிரி பார்த்துச் சரக்குப் போடுவோம்
மாதிரி பார்க்காமல் மூட்டை இறக்கி நட்டப்பட்ட அனுபவம் நமக்கு உண்டு. பிரிட்டனில் மாதிரி ரயில் எஞ்சினுக்கு அடிச்சட்டத் தகடு விற்கும் சிறு வியாபாரிகளைப் பாருங்கள்.

வரைபடத்தைப் பித்தளைத் தகட்டில் ஒளியால் பதித்து, வேண்டாத பகுதியை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்து எடுக்கிறார்கள். வார்ப்பு அச்சுச் செலவு இல்லாததால் சில டஜன் செட்டுகளே கட்டுப்படியாகும். ஆனால் வரைபடத்தில் ஒரு துளை தவறினால் அத்தனை தகடும் வீண். ஆகவே முதல் தகட்டைப் பூட்டி, ஓட்டிப் பார்த்த பிறகே சரக்குப் போடுவது நல்லது.

அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் மட்டும் அங்கே 16.5, 18.2, 18.83 மி.மீ. என மூன்று தண்டவாள அகலங்கள். தனித்தனிச் சரக்கு வைத்தால் முதல் முடங்கும். பக்கத் தகடுகள் ஒன்றே. குறுக்குத் தகடுகளை மட்டும் மூன்று அகலத்தில் ஒரே பொட்டலத்தில் சேர்த்துத் தருவோர் உண்டு. முதலைக் காக்கும் இந்த வழி நமக்கும் பொருந்தும்.