உங்களுக்குத் தெரியுமா? கீழ்நிலை லீக்கிலிருந்து வந்து கோப்பை தந்தவர்

ஸ்பெயினின் கீழ்நிலை கால்பந்து லீக்குகளில், பெரிய பெயர் எதுவும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு முன்கள வீரர், தமிழ்நாட்டுக்கு இந்தியாவின் ஐ-லீக் கோப்பை முதன்முறையாகக் கிடைக்கக் காரணமானார். பெயர் பெட்ரோ மான்ஸி. உருகுவேக்காரர்.

• 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக அவர் அடித்த கோல்கள் 21. ஓர் அணிக்கு மொத்தமே 20 ஆட்டங்கள்தான்! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

• பெயரில் சென்னை இருந்தாலும் அணியின் சொந்த மைதானமாக இருந்தது கோவை நேரு ஸ்டேடியம்.

• லீக்கின் கடைசி நாள், 2019 மார்ச் 9. எதிரணி மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கோப்பை கைநழுவும் நிலை. இரண்டாம் பாதியில் பெனால்டி. பந்தை வைத்து மான்ஸி உதைத்தார், 1-1. அடுத்த இரண்டையும் கௌரவ் போரா அடித்தார். இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம்: 43க்கு 42. கோப்பை சென்னை சிட்டிக்கு.

• 2020இல் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். சேர்ந்தது அல்பிரெக்ஸ் நீகாட்டா, அப்போது அங்கே இரண்டாம் நிலை லீக் அணி.