கர்னலின் சிறையும் கூலியின் சிறையும்: ‘சயாம் மரண ரயில்’ வாசிப்புகள் குறித்து

மலேசியாவிலிருந்து 1993இல் வெளிவந்த ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ பற்றி என் காதில் விழுந்த அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘தகவல் இருக்கிறது, நாவல் இல்லை’ என்பது ஒன்று. ‘ஆட்கள் சாகிறார்கள், ஆனால் எவனுடைய அகமும் திறக்கவில்லை’ என்பது மற்றது. சொல்கிறவர்கள் நல்ல வாசகர்கள், நம் நண்பர்கள். உரைநடை பல இடங்களில் செய்தி வாசிப்பாகத் தட்டையாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘போர்க்கால முகாம் நாவல்’ என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

அதே ரயில் பாதையைப் பற்றி உலகம் அறிந்த பிரதி பியர் பூலின் ‘க்வாய் நதிப் பாலம்’. 1952இல் பிரெஞ்சில் வந்தது. 1957இல் டேவிட் லீன் படமாக்கினார், அதுவும் இலங்கையில் கித்துல்கலவில். அதன் முதல் பெரிய மோதல் என்ன? பிரிட்டிஷ் அதிகாரிகளை உடலுழைப்பில் இறக்கக்கூடாது என்று கர்னல் நிக்கல்சன் அடம்பிடிக்கிறார். சட்டம் தன் பக்கம் என்கிறார், தண்டனை அனுபவிக்கிறார், ஜெயிக்கிறார். முன்னாள் போர்க்கைதிகள் இந்தக் கதைமீது கோபப்பட்டார்கள். எங்கள் கர்னல் டூசி ஜப்பானியனுக்குப் பாலம் கட்டி மகிழ்ந்தவரல்ல என்பது அவர்கள் வாதம். நியாயமான கோபம். இருந்தாலும் அந்தச் சண்டையும் ஒரு கர்னலின் மானத்தைப் பற்றியதே. பூல் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்க் கூலிகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நாவலின் மையத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஆக, நமக்குப் பழக்கமான முகாம் நாவலின் தன்னிலை, இழப்பதற்குப் பதவியும் படைப்பிரிவும் சட்டமும் வைத்திருந்த ஒருவன். சிறை அவனுக்கு முறிவு. அந்த முறிவைத்தான் ‘அகம்’ என்கிறோம். தோட்டத்துக் கூலிக்கு எது முறிவு?

கணக்கைப் பார்க்கலாம். கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் பர்மாப் போர்முனைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானியர் 415 கிலோமீட்டர் பாதையை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்குக் குறையாது. மதிப்பீடுகள் வேறுபட்டாலும் பாதிப்பேர் வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர். ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா, ஏன் இந்த வித்தியாசம்? கைதிகளிடம் ராணுவக் கட்டுக்கோப்பு இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல அவர்களுக்குள்ளேயே டாக்டர்கள் இருந்தார்கள். பின்னால் நூலாக வந்த நாட்குறிப்புகளை எழுதியதும் அவர்களே. தமிழர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள், மூன்று மாத வேலை என்ற பேச்சை நம்பி. போகாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல தோட்டங்களில் ஆள் பட்டியல் கிராணி, கங்காணி வழியாகத்தான் போயிற்று.

இந்த இடத்தை நம் விமர்சனம் கோட்டை விட்டது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற ஒரு தோழர் பிடித்துக்கொண்டார். படித்து முடித்ததும் அவர் கேட்டது அகம் புறம் பற்றியல்ல. “இட்டுக்கினு போனது யாரு? ஜப்பான்காரனா, மேஸ்திரியா?” டேனரியில் வேலை பார்த்த ஒரு அம்மா, கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு, “கூலி யார் கைக்கு வந்து யார் கைக்குப் போச்சு?” என்றார். இவை இலக்கியத்துக்கு வெளியே நிற்கும் கேள்விகள் அல்ல. மலாயாவுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கங்காணி இந்த ஊர்களிலும் நடந்தவன்தான். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் ஓடியது. கூலியின் சிறை போரில் தொடங்கவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து சயாம் கொட்டகைக்கு அது நீண்டது, அவ்வளவே. முறிவு இல்லாத இடத்தில் முறிவின் அழகியலைத் தேடினால் ‘வெறும் தகவல்’தான் கண்ணில் படும்.

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அதை எழுதப்போகிறவனிடமும் ‘அகம் எங்கே’ என்றுதான் கேட்போமா?

இன்னொரு சங்கடமும் உண்டு, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நேதாஜி. பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. இந்திய தேசிய ராணுவத்தினர் பர்மாவுக்குப் பயணம் செய்ததும் இந்தத் தண்டவாளத்தின்மேல்தான். ஜப்பானைத் தோழனாக்கிய தேசியக் கதையாடலுக்குள் இந்தப் பிணங்களை எங்கே கிடத்துவது? நாவலை ‘கலையாகவில்லை’ என்று ஒதுக்கிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, சௌகரியம்.

காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. தமிழர்க்கு அங்கே நடுகல் எழுந்தது 2023இல்தான். நம் ஆம்பூரில் பல்லவ நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. தொறுப்பூசலில் விழுந்தவன் யாருடைய ஆள் என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. சயாமில் செத்த கூலிக்கு முழுமையான பதிவேடு மிஞ்சவில்லை. ஆகவே நாவலாசிரியன் தகவலையும் தானே சுமக்கவேண்டியதாகிறது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) இதே பாதையைத்தான் எழுதுகிறது. அந்தத் தோழரும் அந்த அம்மாவும் கேட்ட கேள்விகளோடு அதையும் படித்துவிட்டு, அப்புறம் ‘தகவல்’ என்ற வசையை யார் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.