ஜி.பி.எஸ்.ஸுக்கு ஒரு பரீட்சை!

முதலில் ஒரு கப்பல் கதை. கதை என்று சொன்னாலும் இது நிஜமாகவே நடந்தது.

1995-ம் ஆண்டு, ஜூன் 9-ந் தேதி நண்பகல். அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடா தீவிலிருந்து 'ராயல் மெஜஸ்டி' என்ற உல்லாசக் கப்பல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குக் கிளம்பியது. பயணிகளும் ஊழியர்களுமாகக் கப்பலில் 1,509 பேர். வழிகாட்ட ஜி.பி.எஸ். கருவி இருந்தது. அது சொல்லும் இடத்தை வைத்துக்கொண்டு கப்பலைத் தானாக ஓட்டும் இயந்திரமும் இருந்தது. அப்புறம் என்ன கவலை?

கிளம்பி சுமார் ஒரு மணி நேரத்தில், ஜி.பி.எஸ். ஆண்டெனாவின் கேபிள் கழன்றுகொண்டது. கைக்கடிகார அலாரம் போல லேசாக ஒரு 'பீப்' சத்தம். அது யார் காதிலும் விழவில்லை. கருவியின் திரையில் சின்னஞ்சிறு எழுத்துகளில் 'டி.ஆர்.' என்று வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

'டி.ஆர்.' என்றால் என்ன தெரியுமா? "எனக்குச் செயற்கைக்கோள் எதுவும் கேட்கவில்லை. கப்பல் எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் போகிறதோ, அதை வைத்து உத்தேசமாகச் சொல்கிறேன்" என்று அர்த்தம். கண்ணைக் கட்டிக்கொண்டு, அடியை எண்ணி எண்ணி நடப்பது போலத்தான்! காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளினால் அதற்குத் தெரியாது.

கப்பல் இப்படியே 30 மணி நேரத்துக்கும் மேலாகப் போனது. ஜூன் 10-ந் தேதி இரவு பத்தரை மணி வாக்கில், நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது! போக வேண்டிய பாதையிலிருந்து சுமார் 17 மைல் விலகியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. மறுநாள் இழுவைக் கப்பல்கள் வந்து மீட்டன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மாலுமிகள் சரிபார்க்காமல் இல்லை. தானாக ஓட்டும் இயந்திரம் காட்டிய இடத்தையும் ஜி.பி.எஸ். காட்டிய இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. பொருந்தாமல் எப்படி? அந்த இயந்திரம் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துத்தான் 'காப்பி' அடித்துக்கொண்டிருந்தது! கப்பலில் இடம் காட்டும் 'லோரான்' என்ற இன்னொரு கருவியும் இருந்தது. ரேடியோ கோபுரங்களின் அலைகளைக் கேட்டுத் தனியாகக் கணக்குப் போடும் கருவி அது. அதோடு ஒப்பிட்டிருந்தால் தப்பு அப்போதே தெரிந்திருக்கும்.

அதனால்தான் ஜி.பி.எஸ். ரிசீவரை வைத்து வேலை செய்யும் என்ஜினீயர்கள் முதலில் அதற்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். பரீட்சை நடக்கும் இடம், சாதாரண கம்ப்யூட்டர்! வாருங்கள், நாமும் எட்டிப் பார்ப்போம்.

கேட்கும், கணக்குப் போடும்!

ஜி.பி.எஸ். ரிசீவர் வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. கேட்க மட்டுமே செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த ரேடியோ அலை ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நம் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வர சுமார் 0.067 வினாடிதான். வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. கடிகாரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும், தூரத்தில் 300 மீட்டர் தப்பு வந்துவிடும்! ரிசீவருக்குள் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்கத்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

அலை இங்கே வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட் சக்தியைக் கோடிப் பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை மறுபடியும் கோடிப் பங்காக்குங்கள். அதில் ஒன்றை எடுத்து இன்னும் நூறு பங்காக்குங்கள். அந்த ஒரு துளிதான் நமக்கு வந்து சேரும். அடேங்கப்பா!

பரீட்சை அறை

சுவிட்சர்லாந்து நாட்டில் தால்வில் என்ற ஊரில் 'யூ-பிளாக்ஸ்' என்ற நிறுவனம் இருக்கிறது. 1997-ல் தொடங்கப்பட்டது. தபால்தலை அளவு ரிசீவர்களைத் தயாரிக்கிறது. அவற்றைச் சோதிக்க 'யூ-சென்டர்' என்ற கம்ப்யூட்டர் சாப்ட்வேரை இலவசமாகவே தருகிறது.

ரிசீவர் பலகையை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். சாப்ட்வேரைத் திறந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று இருவருக்கும் ஒரே வேகத்தை வைக்க வேண்டும். பழைய ரிசீவர்கள் பலவற்றில் இது வினாடிக்கு 9,600 பிட். வேகம் பொருந்தாவிட்டால் திரையில் கன்னாபின்னாவென்று குப்பைதான் வரும். பொருந்திவிட்டால் வரிவரியாக எண்கள் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி 1: என்ன சொல்கிறாய்?

அந்த வரிகள், அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்த மொழியில் இருக்கும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். நடுவில் காற்புள்ளிகள். ஒரு வரியைப் பிரித்துப் படிப்போமா?

043000: இது நேரம். அதிகாலை 4 மணி 30 நிமிடம் 0 வினாடி. ஆனால், இது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அப்படியானால் நமக்குக் காலை 10 மணி!

1304.9500: இது அட்சரேகை. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 13.0495 டிகிரி என்று படித்தால் தப்பு! முதல் இரண்டு இலக்கம் டிகிரி. மீதி நிமிடம். அதாவது 13 டிகிரி, 4.95 நிமிடம். 4.95-ஐ 60-ஆல் வகுத்தால் 0.0825. ஆக 13.0825 டிகிரி. இது சென்னை நகரம் இருக்கும் அட்சரேகை. தப்பாகப் படித்தால் சுமார் மூன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்போம்!

அதன் பிறகு தீர்க்கரேகை. அதையடுத்து ஓர் ஒற்றை இலக்கம் வரும். அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது. பிறகு எத்தனை செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தியது, உயரம் எவ்வளவு என்ற விவரங்கள்.

வரியின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டு இரண்டு எழுத்துகள் இருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் பஸ் கிளம்பும்போதும் திரும்பும்போதும் டீச்சர் தலைகளை எண்ணுவார் அல்லவா? அதே வேலைதான்! வழியில் எழுத்து எதுவும் சிதைந்துவிட்டால் கணக்கு உதைக்கும். உடனே அந்த வரியைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடும்.

கேள்வி 2: யார் பேசுவது கேட்கிறது?

திரையின் ஓரத்தில் வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு செயற்கைக்கோள். தூண் உயர்ந்தால் அலை பலமாகக் கேட்கிறது என்று பொருள். பச்சைத் தூண், கணக்கில் சேர்க்கப்பட்ட செயற்கைக்கோள். நீலத் தூண், கேட்கிறது, ஆனால் கணக்கில் சேரவில்லை.

ஆண்டெனாவை மொட்டை மாடியில் வைத்தால் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் பாதியாகக் குறுகும். எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினால் பொத்தென்று விழும்! உலோகத்தை இந்த அலைகளால் தாண்ட முடியாது. 'ராயல் மெஜஸ்டி' கப்பலில் ஒருவர் இப்படிப்பட்ட தூண்களைப் பார்த்திருந்தால், ஒரே நொடியில் விஷயம் புரிந்திருக்கும்.

கேள்வி 3: எவ்வளவு நேரத்தில் விழிப்பாய்?

சாப்ட்வேரில் ஒரு பொத்தானை அழுத்தினால், ரிசீவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இதைக் 'குளிர்ந்த தொடக்கம்' என்பார்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 வினாடி சுழற்சி எடுத்துக்கொள்கிறது. அதனால் திறந்தவெளியில்கூட சுமார் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். விவரங்கள் நினைவில் இருந்தால் 'சூடான தொடக்கம்'. ஓரிரு வினாடியில் விடை வந்துவிடும். தூங்கி எழுந்தவனுக்கும், கண் சிமிட்டியவனுக்கும் உள்ள வித்தியாசம்!

கேள்வி 4: சொன்னதையே சொல்வாயா?

ஆண்டெனாவை ஒரே இடத்தில் அசையாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். சாப்ட்வேர், ஒவ்வொரு வினாடியும் வரும் விடையை ஒரு புள்ளியாகக் குத்திக்கொண்டே போகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுமா? விழாது! சில மீட்டர் சுற்றளவில் ஈ மொய்த்தது போலப் பரவியிருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே வைத்தால் இன்னும் சிதறும். சுவரில் மோதித் திரும்பி வரும் அலை, அதிக தூரம் ஓடி வருவதால் கணக்கைக் குழப்பிவிடுகிறது.

எண்ணில் எத்தனை தசம இலக்கம் இருந்தாலும் அது துல்லியம் ஆகிவிடாது. இந்தப் புள்ளிக்கூட்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் உண்மையான துல்லியம்.

பலூனுக்கு ஓர் எச்சரிக்கை!

பரீட்சை வைப்பது மட்டுமல்ல, ரிசீவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் இந்த சாப்ட்வேர்தான். வினாடிக்கு எத்தனை முறை விடை தர வேண்டும், அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அமைக்கலாம். நம் நாட்டின் 'நாவிக்' அலைகளைக் கேட்கும் ரிசீவர்களும் உண்டு. 'நாவிக்' வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013, ஜூலை 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

"நீ எதில் பயணம் செய்யப் போகிறாய்?" என்றும் சொல்லிவைக்க வேண்டும். நடப்பவர், கார், கடல், விமானம் என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. 'கடல்' என்று வைத்தால், உயரம் கடல்மட்டம்தான் என்று அதுவே எடுத்துக்கொள்ளும்.

சில நாடுகளில் மாணவர்கள் கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் கட்டி, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூன் விடுகிறார்கள். வாங்கியபடியே விட்டுவிட்டால், இந்த வகை ரிசீவர்கள் பல 12 கிலோமீட்டரைத் தாண்டியதும் இடம் சொல்வதை நிறுத்திவிடும். 'இவ்வளவு உயரத்தில் நான் இருக்க முடியாதே' என்று அதற்கு நினைப்பு! கிளம்பும் முன்பே 'விமானம்' என்று மாற்றிவைக்க வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, 'சேமி' என்றும் கட்டளை தர வேண்டும். இல்லாவிட்டால், ஒரு நொடி மின்சாரம் போனாலும் சொல்லிக்கொடுத்த பாடம் போயே போச்சு!

அந்த ஒற்றை இலக்கம்

கடைசியில் வேலை இருக்கிறது என்று சொன்னேனே, அந்த இலக்கம் நினைவிருக்கிறதா? அது 0 என்றால், "எனக்கு இடம் தெரியவில்லை". 1 என்றால், "செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்கிறேன்". 6 என்று வந்தால்? "உத்தேசமாகச் சொல்கிறேன்!" ஆமாம், அந்தக் கப்பலின் 'டி.ஆர்.' தான்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எப்போதும் போல அழகாகவே ஓடிக்கொண்டிருக்கும். நம்பலாமா, கூடாதா என்பதைச் சொல்வது அந்த ஒற்றை இலக்கம்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே ஜி.பி.எஸ். நல்ல தோழன். கடலுக்குப் போகும் நம் மீனவர்களும், நோயாளியைத் தேடி விரையும் ஆம்புலன்ஸ் டிரைவரும் இன்று அதை நம்பித்தானே போகிறார்கள்!

நீங்களும் செய்து பாருங்கள்!

அப்பா அல்லது அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில், செயற்கைக்கோள்களைத் தூண்களாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை அவர்கள் உதவியோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடுங்கள். மொட்டை மாடி, ஜன்னல் ஓரம், வீட்டின் நடு அறை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் போனை வைத்து, எத்தனை செயற்கைக்கோள்கள் கணக்கில் சேர்ந்தன, பிழை எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் போக வேண்டாம், நடுவிலேயே நில்லுங்கள்.

மூன்று கட்டத்திலும் எண்கள் ஒன்றாக இருக்காது. ஏன் என்று உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே! இனி யாராவது, "ஜி.பி.எஸ். சொல்லிவிட்டது, சரியாகத்தான் இருக்கும்" என்றால், "அதற்கு எப்படித் தெரியுமாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.