உயரம் பாய்ந்த மாணவர்

உயரம் பாய்தல் பெரும் பொருட்செலவின்றித் தொடங்கக்கூடிய விளையாட்டு. இரு கம்பங்கள், ஒரு குறுக்குத் தடி, மணல் நிரப்பிய ஒரு குழி ஆகியன இருப்பின் ஊர்காவற்றுறையிலும் பயிலலாம். படகேறிச் செல்லவேண்டிய நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பயிலலாம். இத்தீவுகளை அடுத்துள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமத்து மாணவர் ஒருவர், இவ்விளையாட்டினாலேயே ஆசியாவில் முதலிடம் பெற்றார். அவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

1934ஆம் ஆண்டு பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்ற அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்போர்னிலும் பாய்ந்தார். இரு முறையும் பதக்கம் கிட்டவில்லை. எனினும் அவர் பயிற்சியைக் கைவிட்டாரல்லர். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அஃதாவது 6 அடி 8 அங்குலம் பாய்ந்து வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

கால்களின் வலிமை மாத்திரம் இவ்வுயரத்தைத் தந்துவிடாது. கத்தரிக்கோல் போலக் கால்களை வீசிப் பாய்பவரின் உடல் நிமிர்ந்திருப்பதால், அவர் தம் உடலைத் தடிக்கு வெகு மேலே உயர்த்தவேண்டும். தடியின்மேற் குப்புறப் படுத்தாற்போலப் புரண்டு கடப்பவர், அதே உந்துதலைக் கொண்டு கூடிய உயரத்தைக் கடப்பார். அமெரிக்க வீரர் டிக் பொஸ்பரி, முதுகு தடியை நோக்கியிருக்கப் பாய்ந்து 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வென்றார். தடித்த மெத்தைகள் வந்த பின்னரே அம்முறை பரவிற்று. ஆதலால், மணற்குழி மாத்திரமுள்ள பாடசாலையில் அதனை முயலலாகாது, கழுத்து முறியக்கூடும். அங்கே கால் ஊன்றி இறங்கும் கத்தரி முறையே தக்க முதற்பாடம்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என அஞ்சும் பெற்றோர் பலர் உளர். எதிர்வீரசிங்கமோ லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பட்டமும், கோணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆபிரிக்காவின் சியரா லியோனில் ஆசிரியப்பணி ஆற்றினார். 2024ஆம் ஆண்டு அவர் காலமானபோது, வீரராகவும் கல்விமானாகவும் நினைவுகூரப்பட்டார். மாலை வேளையிற் பாடசாலை மைதானத்தில் நின்றுவிட்டு வீடு திரும்பும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், பெற்றோர் இவ்வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.